மீன்பெட்டி நிறையச் சில்லறை

கப்பலில் வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாட்டு நேரத்திலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறார்கள். இன்று இறங்கப்போகிற தீவில் உள்ளூர்ப் பணமான வாட்டு மாற்றத் தேவையில்லை, ஆஸ்திரேலிய டாலரையே வாங்கிக்கொள்வார்கள், பையில் கிடக்கிற சில்லறையைத் தீர்த்துக்கட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று. கப்பலில் வேலை பார்க்கிற ஒரு பிலிப்பினோக்காரர் எனக்குச் சொன்ன செய்தி இது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அவர்களுக்கு எது வசதியோ அதில் கொடுக்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கப்பலுக்குள் எல்லாவற்றுக்கும் ஓர் அட்டைதான். அங்கே காசுக்கு வேலை கிடையாது. வாட்டு வாங்கினால் மாற்றிக் கொடுக்கிறவன் கமிஷன் பிடிப்பான். மிஞ்சின வாட்டை ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்று வேறு கவலை. அதனால் வீட்டு அலமாரியிலும் கார் இடுக்கிலும் கிடந்த சில்லறையையெல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் மணலில் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

வினை எங்களுக்குத்தான். தலைநகர் போர்ட் விலாவில் இருக்கிற வங்கி ஆஸ்திரேலிய நோட்டை வாங்கிக்கொண்டு வாட்டு கொடுக்கும். ஆஸ்திரேலியக் காசைத் தொடாது. எண்ணி, மூட்டை கட்டி, ஏற்றி அனுப்புகிற கூலிக்குக் கட்டாதாம். வங்கி வாங்காததைக் கடைக்காரன் வாங்கமாட்டான், படகுக்காரன் வாங்கமாட்டான், காணிக்கைத் தட்டில் போட்டால் பாஸ்டரே முறைப்பார். பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள். எங்கள் பணம் அடுத்த தீவு வரைக்கும்கூடப் பாயாது.

இதற்கு இருக்கிற ஒரே வழி, அடுத்த கப்பல் வரும்போது அந்த ஜனங்களிடமே காசைக் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொள்வது. கடைக்குக் கடை அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்போம்: ‘தயவுசெய்து எங்கள் சில்லறைக்கு நோட்டு தாருங்கள்.’ இருபது பேரைக் கேட்டால் ஒருவர் மாற்றுவார். மிச்சமெல்லாம் பால்பவுடர் டின்னில் ஏறும். எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாலும் நாலு டின் இருக்கும். பேருக்குப் பணக்கார ஊர்.

என் பெயர் ஓபெத். கப்பல் நாட்களில் மனிதனைத் தின்கிறவன்.

சும்மா சொல்லவில்லை, அதுதான் என் வேலை. கப்பல்காரர்கள் இறங்குகிற மணல்தீவு எங்கள் ஊருக்கு எதிரே இருக்கிறது. அங்கே யாரும் குடியில்லை. காலையில் படகில் போய்க் கடை போடுவோம், சாயங்காலம் திரும்பிவிடுவோம். பெண்கள் தலை பின்னிவிடுவார்கள், பாய் விற்பார்கள். நானும் என் தங்கை புருஷன் நுமாக்கும் முகத்தில் கரி பூசி, இடுப்பில் இலை கட்டி, கையில் தண்டத்தோடு ஒரு பெரிய பானைக்கு இரண்டு பக்கமும் நிற்போம். அடியில் பலகையில் வரைந்த நெருப்பு. வெள்ளைக்காரர் பானைக்குள் உட்காருவார், நாங்கள் ‘ஹூ’ என்று கத்துவோம், மனைவி படம் எடுப்பாள், தட்டில் காசு விழும். என் அப்பா ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போனவர். மீனையும் சேப்பங்கிழங்கையும் தவிர வேறெதையும் தின்று நான் பார்த்ததில்லை. ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிதார் வாசித்தவன் தியோ. நுமாக்கின் பிள்ளை, என் தங்கை லித்தியாவின் ஒரே பிள்ளை, எனக்கு மருமகன். புயலில் அவர்கள் வீட்டுக் கூரை போனபிறகு, தகரம் வாங்குகிற அளவுக்காவது சம்பாதித்து வருகிறேன் என்று விலாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். “சில்லறைக்கு வாசிச்சு வாசிச்சு விரல் தேஞ்சதுதான் மிச்சம் மாமா. அங்க வாட்டுல குடுக்குறாங்க” என்றான் போகும்போது. கட்டிக்கொண்டிருந்த ஒரு மதில் அவன்மேல் சரிந்துவிட்டது. கடற்கரைக் கொட்டகையில் இருக்கிற போனுக்குச் செய்தி வந்தது. எடுத்தவன் நான். என் தங்கைக்கு அதைச் சொல்ல வேண்டியவனும் நானே ஆனேன்.

எங்கள் பக்கத்தில் குழி வெட்ட வேண்டியவன் தாய்மாமன். செய்தி வந்த அன்றே, வீட்டு முற்றத்தில் வெட்டிவிட வேண்டும். குழி திறந்திருந்தால்தான் வெளியூரில் போனவனுக்கு வீட்டுக்கு வழி தெரியும் என்பது எங்கள் வழக்கம். வெட்டினேன். பவளக்கல்லும் வேருமான மண். கடப்பாறை ஒவ்வொரு தடவை கல்லில் படும்போதும் உள்ளே லித்தியா விசும்புவது நின்று மறுபடி தொடங்கியது. சவப்பெட்டி தூக்குவதற்கு நாலு பேரையும் அன்றைக்கே பேர் சொல்லிவிட்டார்கள். அம்மா வழியில் நானும் என் சித்தப்பா மகன் இஸ்ரெலும், அப்பா வழியில் நுமாக்கும் அவன் தம்பி யாலுவும்.

வெட்டின குழியை வெறுமையாக மூடக் கூடாது. அதுவும் எங்கள் வழக்கம்தான். கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கு, அவன் உயரத்துக்கு ஒரு வாழைத்தண்டை வெட்டி உள்ளே கிடத்தி மண் தள்ளுவோம். ஆனால் தியோ கடலில் போகவில்லையே. விலா ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருந்தான். கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.

அது எப்படி என்பதைச் சொன்னவர் கல்சாவ். சுங்கத்துறை அதிகாரி, நல்ல மனிதர். கப்பல் வருவதற்கு முந்தின நாள் சின்ன விமானத்தில் எங்கள் தீவுக்கு வருவார், கப்பல் தாள்களில் முத்திரை போட்டுவிட்டு அதே கப்பலில் ஏறி மறுநாள் காலையில் விலாவில் இறங்குவார். அந்தத் தடவை வந்தவர் நேராகத் துக்க வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். விலாவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் சவப்பெட்டிக்கும் துணிக்கும் பணம் போட்டுவிட்டார்கள், படகுக் கூலி மட்டும்தான் குறைகிறது என்றார்.

“சரக்குப் படகு நாளான்னைக்கு மத்தியானம் கிளம்புது. அத விட்டா அடுத்த மாசந்தான். அதுவரைக்கும் ஆஸ்பத்திரில வச்சிருக்க மாட்டாங்க. எடம் இல்லன்னு டவுன்லயே பொதச்சிருவாங்க.”

“இந்தப் பிளேன்ல ஏத்த முடியாதா சார்?” என்றான் நுமாக்.

“நானே காலை மடக்கிக்கிட்டு ஒக்காந்து வந்தேன். இதுல பெட்டி எங்க ஏறும்?”

“படகுக்கு எவ்வளவு கேக்குறான்?”

தொகையைச் சொன்னார். நுமாக் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு, “உசுரோட வந்தா ஒரு டிக்கெட்டு. செத்து வந்தா பத்து டிக்கெட்டா?” என்றான்.

“நானும் சண்ட போட்டுப் பாத்துட்டேன். ‘இதுக்கு முந்தி உங்க தீவுக்குப் போன பொணத்துக்கே இன்னும் கூலி வரல, கைல நோட்டு வந்தாத்தான் ஏத்துவேன்’னு ஏஜென்ட் ஒத்தக்கால்ல நிக்கிறான். நீங்க நோட்டாக் குடுங்க, நான் கப்பல்ல இருந்து எறங்குனதும் நேரா அவன் கைல வச்சிர்றேன். ஆனா சில்லறைய மட்டும் என் தலைல கட்டிராதீங்க. ஒரு தடவ பாவம் பாத்து ஒரு டின்ன வங்கிக்குத் தூக்கிட்டுப் போயி நான் பட்ட அவமானம் போதும்.”

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. புயலுக்குப் பிறகு பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டி முடித்திருந்ததால் வாட்டு யாரிடமும் அதிகம் இல்லை. இருந்ததை வைத்தார்கள். கல்சாவ் தன் பையிலிருந்தும் ஒரு தாள் எடுத்து வைத்தார். அப்படியும் அறுநூறு டாலர் குறைந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய் டின்னோடு வந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே. எங்கள் மீன்பெட்டியைக் கழுவி நடுவில் வைத்தோம். இரண்டு முனையிலும் கயிற்றுப் பிடி போட்ட நீளமான வெள்ளைப் பெட்டி. அதில் கொட்டக் கொட்ட மழை மாதிரிச் சத்தம். ஊரிலேயே கஞ்சப்பட்டம் வாங்கின கிழவர் ஒருவர், ஐந்து டின்னைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து கவிழ்த்தார்.

குறைந்த தொகையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. தியோவை இரண்டு தடவை கொண்டுவரலாம். அதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

“நாளைக்கு ரெண்டாயிரம் பேரு எறங்குவாங்க,” என்றேன். “கெஞ்சியாவது மாத்திரலாம் லித்தியா. நீ கவலப்படாத.”

லித்தியா குழிமேட்டில் உட்கார்ந்திருந்தாள். துக்கக்காரி தண்ணீர் தாண்டக் கூடாது என்பதால் மறுநாள் அவள் வர முடியாது. “அண்ணே, அவனக் கூட்டிட்டு மட்டும் வந்துரு. வேற எதுவும் நான் கேக்கல,” என்றாள்.

காலையில் கப்பல் வந்து நின்றது. எங்கள் மலைக்கு முன்னால் இன்னொரு மலை முளைத்த மாதிரி. அதன் சின்னப் படகுகள் ஆட்களை இறக்கத் தொடங்கின. காற்று லேசாகத் தெற்கிலிருந்து வந்தது. அதை நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

துக்கத்துக்காக நானும் நுமாக்கும் முகம் மழித்திருக்கவில்லை. வழக்கமாக நாங்கள் தேங்காய்நாரில் ஒட்டிக்கொள்கிற தாடி, அன்று சொந்தத் தாடி. ஒரு பெண் கிட்டே வந்து பார்த்து, “இது நெஜத் தாடியா? பிரமாதம்!” என்றாள். நுமாக் ‘ஹூ’ என்று கத்தினான். அவன் வரவேண்டாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தோம். என் பிள்ளைக்கு நான் கேட்காமல் வேறு எவன் கேட்பான் என்று வந்துவிட்டான். கிதார் இல்லாமல் இரண்டு பேர் உகுலேலே மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தியோ உட்காருகிற கட்டை காலியாக இருந்தது. யாரோ ஒரு சுற்றுலாக்காரர் அதில் தன் ஈரத் துண்டைப் போட்டிருந்தார்.

பானைக்கு அருகே மீன்பெட்டியை வைத்து, புது அட்டையில் பெரிதாக எழுதியிருந்தோம். ‘எங்கள் பிள்ளை இறந்துவிட்டான். உடலை வீட்டுக்குக் கொண்டுவர நோட்டு வேண்டும். சில்லறையைத் தருகிறோம், நோட்டாக மாற்றித் தாருங்கள்.’

படித்தவர்கள் பலர் பேசாமல் நகர்ந்தார்கள். ஒருவர், “போன தீவுலயும் இப்படித்தான் ஒரு கதை சொன்னாங்க,” என்று மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு வயதான தம்பதி இருபது டாலர் நோட்டு ஒன்றைக் கொடுத்து, சரியாக இருபதுக்குக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களைக் கடவுள் காப்பாற்றட்டும். இன்னும் சிலர் ஐந்தும் பத்துமாக மாற்றினார்கள். கடைப் பெண்கள் தங்களுக்கு விழுந்த நோட்டுகளை ஓடி ஓடி வந்து கொடுத்தார்கள். ஆனால் பெரும்பாலோர் கையை விரித்தார்கள். வங்கி அட்டையும் பெரிய நோட்டும் கப்பல் அறையில் இருக்கின்றன, கரைக்குச் சில்லறைதான் எடுத்து வந்தோம் என்றார்கள். பொய்யில்லை. அப்படித்தானே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

பிறகு பீர் வாசனையோடு இளவட்டங்கள் நாலு பேர் வந்தார்கள். ஒருவன் அட்டையைப் படித்தான். எங்கள் கரியையும் இலையையும் தண்டத்தையும் பார்த்தான். பானையைப் பார்த்தான்.

“ஏம்ப்பா, பொணத்த இங்க கொண்டாந்து என்ன பண்ணப்போறீங்க? ராத்திரி விருந்தா?”

மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நுமாக்குக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. வாடிக்கையாளர் சிரித்தால் நாமும் கத்த வேண்டும் என்பது மட்டும் தெரியும். தண்டத்தைத் தூக்கி ‘ஹூ’ என்றான். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். என் கைத் தண்டத்தாலேயே, விருந்தா என்று கேட்டவன் மண்டையைப் பிளந்திருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு மனிதனைக் கொல்ல நினைத்தேன். ஆனால் நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். அவன் பானைக்குள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டான். போகும்போது தட்டில் காசு போட்டான். வெள்ளி நிறச் சென்ட் காசு.

கொஞ்சம் தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள், சிவப்புத் தொப்பிக்காரி, என்னிடம் வந்தாள். பெயர் டோரீன் என்றாள்.

“கண்ணு, இந்த போர்டுல இருக்கிறது நெஜமா?”

“நெஜந்தாம்மா. இவன் அப்பா. நான் மாமா.”

அவள் நுமாக்கின் முகத்தைப் பார்த்தாள். கரிக்கு மேலே கண்ணீர் இறங்கின கோடு இருந்திருக்க வேண்டும். கைப்பையைத் திறந்து பார்த்தாள், உள்ளே சன் கிரீமும் கொஞ்சம் காசும்தான். “என் ரூம்ல பணம் இருக்கு. எடுத்துட்டு அடுத்த படகுல வந்துர்றேன். எவ்வளவு குறையுதோ நான் தர்றேன். நீ எங்கயும் போயிராத.” அதோடு விட்டிருக்கலாம். போகிற வழியில், மணலில் படுத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டினாள். “எல்லாரும் எந்திரிங்க! அந்த மனுசன் புள்ளய எழந்துட்டு நமக்காக வேசம் கட்டி நிக்கிறான். உங்களுக்கெல்லாம் மனசு இல்லையா? போய் ஏதாவது குடுங்க!”

அவள் மனசு தங்கம். நான் அதில் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன்.

ஜனங்கள் எழுந்தார்கள். நீச்சல் உடையோடு, ஈரத்தோடு, வரிசையாக வந்தார்கள். சிலர் என் தோளைத் தொட்டார்கள். ஒரு பெண் நுமாக்கைக் கட்டிப்பிடித்து அழுதாள், அவள் கன்னமெல்லாம் கரி. வந்தவர்கள் எல்லாரும் பையைத் திறந்து மீன்பெட்டிக்குள் கொட்டினார்கள். சில்லறையை. கை நிறைய, பை நிறைய.

“ஐயா, காசு வேணாங்கய்யா!” என்று கத்தினேன். “காச நீங்க எடுத்துக்கிட்டு நோட்டு குடுங்க! நோட்டு!”

“பரவால்ல தம்பி,” என்றார் ஒருவர், என் கையை அழுத்திப் பிடித்து. “திருப்பித் தர வேணாம். நீயே வச்சுக்க.”

அதற்குமேல் என்ன சொல்லிப் புரியவைப்பது? கொடுக்கிறவன் கையைத் தட்டிவிட முடியுமா? அவர்கள் இரக்கப்பட இரக்கப்பட எங்கள் பெட்டி கனத்துக்கொண்டே போனது. நடுநடுவே சில ஐந்து டாலர் நோட்டுகளும் விழுந்தன. கல்சாவ் முழங்கால் போட்டு, காசுக்குள் கைவிட்டு, அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி உதறி அடுக்கினார்.

“இன்னும் எவ்வளவு சார்?” என்றான் நுமாக்.

“எரநூறு. இல்ல, அதுக்குக் கொஞ்சம் மேல.”

“அந்தம்மா வந்துரும்,” என்றேன்.

அப்போதுதான் கப்பல் மூன்று தடவை ஊதியது. நான் கவனிக்காத மாதிரி இருந்த தெற்குக் காற்று அதற்குள் ஆள் உயரத்துக்கு அலை எழுப்பிவிட்டது. ஒன்றுக்கு மூன்றாக ஊதினால், கரையில் இருப்பவர்கள் எல்லாரும் உடனே திரும்ப வேண்டும், புதிதாக யாரும் இறங்கக் கூடாது என்று அர்த்தம். வந்திறங்கினவர்களே பாதிப் பேர்தான். நொடியில் மணலெல்லாம் ஓட்டமும் கூச்சலும் ஆயிற்று. சிவப்புத் தொப்பி தெரிகிறதா என்று நான் ஒவ்வொரு படகையும் பார்த்தேன். வந்த படகுகள் எல்லாம் காலியாக வந்து, நிரம்பித் திரும்பின.

கடைசிப் படகில் கல்சாவ் ஏறினார். நோட்டுகளை ரப்பர் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

“சார், கப்பல்ல அந்தம்மாவத் தேடிப் பிடிச்சு வாங்கிருங்க! பேரு டோரீன்! செவப்புத் தொப்பி!”

“தேடுறேண்ணே! கண்டிப்பாத் தேடுறேன்!”

நுமாக் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி வந்திருந்தான். “சார், இதையும் கொண்டு போங்க சார். ஏஜென்ட் கிட்டக் காட்டுங்க. நாங்க ஏமாத்துறவங்க இல்லன்னு காட்டுங்க.” கல்சாவ் பாவம், கையை நீட்டினார். அலை அடித்தது, படகு நகர்ந்தது. காசு அவ்வளவும் தண்ணீருக்குள் போயிற்று.

மறுநாள் காலையிலிருந்து கடற்கரைக் கொட்டகையில் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். சரக்குப் படகு கிளம்புகிற நேரம் தாண்டி வெயில் சாய ஆரம்பித்தபிறகுதான் மணி அடித்தது. நான் எடுத்தேன்.

“ஓபெத்தண்ணே,” என்றார் கல்சாவ். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கப்பல் அலுவலகத்தில் கேட்டாராம், பிரயாணிகள் விவரம் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார்களாம். சாப்பாட்டுக் கூடத்தில் தேடினாராம். விலாவில் இறங்குகிற வாசலில் நின்று பார்த்தாராம். தொப்பி போட்ட கிழவிகள் நூறு பேர் இறங்கினார்களாம். நேரமாகிவிட்டதால் இருந்த நோட்டோடு ஏஜென்டிடம் ஓடியிருக்கிறார்.

“மிச்சத்துக்கு நான் ஜாமீன்னு சொன்னேன். கேக்கலண்ணே.”

“என்ன சொன்னான்?”

“அத விடுங்க.”

“என்ன சொன்னான், சொல்லுங்க சார்.”

“‘முக்கால் பணத்துக்கு முக்கால் ஆளையா ஏத்துறது’ன்னான். படகு போயிருச்சு. நாளைக்குக் காலைல டவுன்ல அடக்கம். நம்ம ஆளுங்க எல்லாரும் வருவாங்க. நானும் நிப்பேன். அவன் தனியா இருக்கமாட்டான், அம்மா கிட்டச் சொல்லுங்க.”

நுமாக் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போனை வைத்தேன். அவன் எழுந்து நேரே கரைக்குப் போனான். மணல்தீவிலிருந்து படகில் கொண்டுவந்த மீன்பெட்டி முந்தின நாளிலிருந்து அங்கேயே கிடந்தது. அலைக்கு அரைகுறையாக ஈரமாகி, மூடி சரியாக மூடாமல். சாமானை ஈரத்தில் விடக் கூடாது என்ற பழக்கத்திலோ என்னவோ, அவன் ஒரு முனைக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். நகரவில்லை. நான் மறுமுனையைப் பிடித்தேன். அப்போதும் கிளம்பவில்லை. யாலுவும் இஸ்ரெலும் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, மூச்சுப் பிடித்துத் தூக்கினோம்.

பத்தடி நடந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. இஸ்ரெலும் என்னைப் பார்த்தான். நாலு பேர். பேர் சொல்லி வைத்த அதே நாலு பேர். ஊர் ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எங்களைப் பார்த்து ஏன் கழற்றினார்கள் என்று அவர்களைக் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்காது. நாங்கள் எங்கே போகிறோம் என்று பேசிக்கொள்ளவில்லை. கால் தானாக லித்தியாவின் முற்றத்துக்குப் போயிற்று.

அவள் குழிமேட்டில்தான் இருந்தாள். எங்களைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒரு கணத்தை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்.

“வந்துட்டானா?”

பெட்டியை இறக்கினோம். உள்ளே காசு சரிந்து ஒலித்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. வெகுநேரம் பெட்டியின் மூடியில் கையை வைத்திருந்தாள்.

“டவுன்லயா?”

“நாளைக்குக் காலைல,” என்றேன். “நம்மளுங்க எல்லாரும் நிப்பாங்க.”

இருட்டுவதற்குள் பாஸ்டர் வந்தார். திறந்த குழியை இன்னும் வைத்திருக்க முடியாது, வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. யாலு போய்த் தியோ உயரத்துக்கு வாழைத்தண்டு வெட்டிக்கொண்டு வந்தான். லித்தியா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அது வேணாம். அவன் ஒண்ணும் கடல்ல போகல,” என்றாள். மீன்பெட்டியைக் காட்டினாள். “இத வைங்க.”

“லித்தியா, புத்தி கெட்டுப்போச்சா?” என்றேன். “ஊர்ப் பணம்மா அது.”

“பணமா?” அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இதுல ஒரு கிலோ அரிசி வாங்கிட்டு வா பாப்போம். பணமா இருந்தா எம்புள்ள வந்திருக்க மாட்டானா அண்ணே?”

நான் ஊரைப் பார்த்தேன். தள்ளுவண்டியில் ஐந்து டின் கொண்டுவந்த கிழவர் முன்வரிசையில் நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “வைங்கப்பா,” என்றார்.

கயிறு கட்டி நாலு பேரும் இறக்கினோம். குழியை நான் சரியாகத்தான் வெட்டியிருந்தேன், பெட்டியின் நீளத்துக்குமேல் தலைமாட்டில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. நுமாக் ஓடிப்போய்த் தியோவின் கிதாரை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்தான். பாஸ்டர் புத்தகத்தைத் திறந்தார், எந்தப் பக்கம் என்று தெரியாமல் மூடினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாக வந்ததைச் சொன்னார்.

முதல் பிடி மண் தாய்மாமன் போட வேண்டும். போட்டேன். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டி; மண் விழுந்த இடத்தில் உள்ளே காசு கலகலவென்றது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நுமாக் திரும்பி நின்றுகொண்டான். லித்தியா மட்டும் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, சத்தம் கேட்காதபடி மெதுவாக, மிக மெதுவாக உள்ளே விட ஆரம்பித்தாள்.